வெந்நீர் எத்தனை டிகிரி?

குளிருக்காக வீட்டைச் சூடாக்குவது என்ற பேச்சே எங்கள் கரையில் கிடையாது. அந்தப் பக்கம் தனுஷ்கோடி, இந்தப் பக்கம் கீழக்கரை, ஏர்வாடி, வாலிநோக்கம் என்று எங்கே போனாலும் ஒரு வீட்டிலும், பாய்லர் காய்ச்சிய வெந்நீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரைப் பார்க்க முடியாது. மார்கழியில்கூட ராத்திரி 22, 23 டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். வாடைக் காற்று கொஞ்சம் அழுத்தி அடித்தால் காதைச் சுற்றி ஒரு துண்டு, அவ்வளவுதான். நான் பார்க்கிற தொழிலும் குளிரவைக்கிற தொழில்: ஐஸ் கம்பெனி கம்ப்ரஸர், மீன் வைக்கும் குளிர் அறை, லாட்ஜ் ஏ.சி. இப்படிப்பட்டவனிடம்தான் இங்கிலாந்தில் லீட்ஸ் ஊரில் இருக்கும் தங்கச்சி, "அண்ணே, பாய்லர் பழசாப் போச்சு. மறுபடியும் கேஸ் பாய்லரே போடவா, ஹீட் பம்ப் போடவா?" என்று கேட்டாள்.

அவள் அங்கே நர்ஸ். மாப்பிள்ளை கணக்கு எழுதும் வேலை. எண்கள் அவருக்குத் தண்ணீர்பட்ட பாடு, மெஷின் மட்டும் ஆகாது. ஆளுக்கு ஒன்று சொல்கிறார்களாம். பக்கத்து வீட்டுக்காரர் "ஹீட் பம்ப் நம்ம ஊர்க் குளிருக்கு ஒத்துவராது" என்கிறாராம். ஆஸ்பத்திரியில் கூட வேலை பார்ப்பவர் "போட்டதிலிருந்து சொர்க்கம்" என்கிறாராம். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை என்பதுதான் இதில் சுவாரசியம்.

ஹீட் பம்ப் என்றால் ஏதோ புது மெஷின் என்று நினைக்க வேண்டாம். பாம்பன் பக்கம் ஏதாவது ஒரு ஐஸ் கம்பெனிக்குள் போய்ப் பாருங்கள். உப்புத் தண்ணீர் நிரப்பிய பெரிய தொட்டி. மேலே மரப்பலகை மூடி. பலகையைத் தூக்கினால் உள்ளே வரிசையாகத் தகர டின்கள், டின்களுக்குள் நல்ல தண்ணீர். சுற்றியிருக்கும் உப்புத் தண்ணீர் பூஜ்யத்துக்குக் கீழே எட்டு, பத்து டிகிரி வரை இறங்கினாலும் உறையாது. டின்னுக்குள் இருக்கும் நல்ல தண்ணீர் ஏறக்குறைய ஒரு நாளில் உறைந்து ஐஸ் பாராகிவிடும். இதெல்லாம் எல்லோரும் பார்ப்பது. கம்ப்ரஸர் அறைக்குள் வந்தால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு குழாய் ஓடும். ஒன்றில் வெள்ளையாகப் பனி பூத்திருக்கும், விரலால் கீறினால் தூளாக உதிரும். ஒரு முழம் தள்ளி இருக்கும் இன்னொன்றைத் தொட்டால் கை வெந்துவிடும். ஓடுவது ஒரே அமோனியா. தொட்டித் தண்ணீரிலிருந்து உறிஞ்சிய சூட்டைத் தூக்கிக்கொண்டு வந்து, கம்ப்ரஸரில் அமுங்கி இன்னும் சூடாகி, மாடியில் இருக்கும் கண்டென்சரில் கொட்டிவிட்டுத் திரும்புகிறது. அந்தக் கண்டென்சர்க் குழாய்களின் மேல் நாள் முழுக்கத் தண்ணீரை வழியவிட்டு, அவ்வளவு சூட்டையும் காற்றில் வீணாக விடுகிறோம். நமக்கு வேண்டியது குளிர், சூடு தொல்லை.

அந்தத் தொல்லையைத்தான் தங்கச்சி ஊரில் காசு கொடுத்து வாங்குகிறார்கள். அங்கே குளிர்ந்த கேஸ் ஓடும் குழாய்ச் சுருள், அதாவது காயில், இருப்பது வீட்டுக்கு வெளியே, தோட்டத்தில். வெளியே 5 டிகிரி என்றாலும் அதற்கும் கீழே குளிர்ந்திருக்கும் கேஸுக்கு அந்தக் காற்று சூடுதான். காற்றிலிருந்து எடுத்த சூட்டை உள்ளே ஓடும் தண்ணீரில் கொட்டுகிறது. ஒரு யூனிட் கரண்டுக்கு மூன்று யூனிட் சூடு என்று கடைக்காரர் சொல்லும்போது மாப்பிள்ளைக்கு ஏமாற்று வேலையாகத் தோன்றியதாம். "இல்லாத ரெண்டு யூனிட் எங்கிருந்து வருது?" என்று கேட்டார். வெளிக்காற்றிலிருந்து. கரண்ட் சூட்டை உண்டாக்கவில்லை, சுமந்து வருகிற கூலியைத்தான் வாங்குகிறது.

இதை முதலில் கணக்குப் போட்டுச் சொன்னவர் கிளாஸ்கோவில் பேராசிரியராக இருந்த வில்லியம் தாம்சன், பின்னாளில் கெல்வின் பிரபு. குளிர்விக்கும் யந்திரத்தைத் திருப்பி ஓட்டிக் கட்டடத்தைச் சூடாக்கலாம் என்று 1852இல் எழுதினார். செய்தே காட்டியவர் ஆஸ்திரியாக்காரர் பீட்டர் ரிட்டிங்கர். எங்கே என்று கேட்டால் எங்கள் ஆட்களுக்குச் சிரிப்பு வரும்: உப்பு ஆலையில். 1856-57இல் எபன்ஸே என்ற ஊரில், உப்புத் தண்ணீரைக் கொதிக்க வைக்கும்போது எழும் ஆவியை வீணாக்காமல் அமுக்கிச் சூடேற்றி, அதே சூட்டால் அடுத்த தண்ணீரைக் காய்ச்சினார். வாலிநோக்கத்தில் பாத்தி கட்டி, கடல் தண்ணீரை விட்டு, மீதியை வெயிலிடம் ஒப்படைத்துவிடுகிறோம். அந்த ஊரில் அப்படிப்பட்ட வெயில் இல்லை, விறகுதான். விறகை மிச்சம் பிடிக்கப் போய்த்தான் ஹீட் பம்ப் பிறந்தது.

சரி, தங்கச்சி கேள்விக்கு வருவோம். மெஷினைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால் அவளிடம் ஒரே ஒரு போட்டோ கேட்டேன்: இப்போது இருக்கும் பாய்லரின் முகப்பு. அடுப்படி அலமாரிக்குள் வெள்ளைப் பெட்டி. ரேடியேட்டருக்குப் போகும் தண்ணீர் 75 டிகிரி என்று காட்டியது.

அந்த எண்ணில்தான் எல்லாம் இருக்கிறது. கேஸ் பாய்லருக்கு 75ஓ 50ஓ, வேலை நடந்துவிடும். தீ எரிகிறது, தண்ணீர் சூடாகிறது. சூட்டைச் சுமக்கும் மெஷினுக்கு அது உயிர் போகிற விஷயம். ராமேஸ்வரம் கோயிலில் இருபத்திரண்டு தீர்த்தத்திலும் வாளியில் இறைத்து ஊற்றுபவர்களைப் பார்த்திருப்பீர்கள். கிணறு ஆழமாக ஆக, அதே ஒரு வாளித் தண்ணீருக்குக் கூடுதல் மூச்சு வேண்டும். ஹீட் பம்ப்புக்கு வெளிக்காற்றின் டிகிரிக்கும் தண்ணீரின் டிகிரிக்கும் உள்ள இடைவெளிதான் கிணற்றின் ஆழம். வெளியே 5, தண்ணீர் 45 என்றால் ஏற்றம் 40 டிகிரி. தண்ணீர் 65 என்றால் ஏற்றம் 60. இயற்கை விதிப்படி ஒரு யூனிட் கரண்டுக்குக் கிடைக்கக்கூடிய உச்சம் முதல் கணக்கில் சுமார் 8, இரண்டாவதில் ஐந்தரை சொச்சம். உண்மையான மெஷினில் இதில் பாதி கிடைத்தாலே பெரிது, ஏனென்றால் காயில் காற்றைவிடக் குளிர்ந்திருக்க வேண்டும், கண்டென்சர் தண்ணீரைவிடச் சூடாக இருக்க வேண்டும். இரண்டு முனையிலும் ஏற்றம் கூடிவிடுகிறது. ஆக 45 டிகிரித் தண்ணீருக்கு மூன்றரை மடங்கு கொடுக்கும் மெஷின், 65 டிகிரி கேட்டால் இரண்டரைக்கே திணறும். "சொர்க்கம்" என்றவர் வீட்டில் தண்ணீர் 40, 45இல் ஓடியிருக்கும். "ஒத்துவராது" என்றவர் கேள்விப்பட்ட வீட்டில் 60, 65இல் ஓட்டியிருப்பார்கள். குளிர் மட்டுமே காரணம் என்றால் நார்வேயில் பாதிக்கு மேற்பட்ட வீடுகளில் ஹீட் பம்ப் எப்படி ஓடுகிறது?

கேஸ் பாய்லருக்கும் 75 டிகிரி நல்லதல்ல என்பது பலருக்குத் தெரியாது. இங்கிலாந்தில் 2005 முதல் புதிதாக மாட்டும் பாய்லர் ஏறக்குறைய எல்லாமே கண்டென்சிங் வகை. கேஸ் எரியும்போது உண்டாகும் நீராவியைப் புகைக்குழாய் வழியே விடாமல், உள்ளேயே தண்ணீராக்கி, அந்தச் சூட்டையும் பிடிப்பது அதன் வேலை. ரேடியேட்டரைச் சுற்றித் திரும்பி வரும் தண்ணீர் 55 டிகிரிக்குக் கீழே இருந்தால்தான் அது நடக்கும். 75இல் அனுப்பி 65இல் திரும்பினால் விலை கொடுத்து வாங்கிய வசதி சும்மா உட்கார்ந்திருக்கும்.

தண்ணீரைக் குறைத்தால் ரேடியேட்டர் வீட்டைச் சூடாக்குமா என்பதுதான் அடுத்த பிரச்சினை. அறை 20 டிகிரி, ரேடியேட்டரின் சராசரி 70 என்றால் அது தரும் சூடு ஒரு பங்கு என்று வையுங்கள். சராசரி 47, 48க்கு வந்தால் அதே ரேடியேட்டர் பாதிக்கும் குறைவாகத்தான் தரும். அதனால்தான் "ரேடியேட்டர் எல்லாத்தையும் மாத்தணும்" என்று பயமுறுத்துகிறார்கள். ஆனால் பழைய வீடுகளில், ஜன்னலுக்கு ஒற்றைக் கண்ணாடி இருந்த காலத்தில் மாட்டிய ரேடியேட்டர்கள் பல பெரியவை. பிறகு இரட்டைக் கண்ணாடி வந்தது, பரணில் பஞ்சு மெத்தை விரித்தார்கள், சூடு வெளியே போவது குறைந்தது, ரேடியேட்டர் மட்டும் அப்படியே இருக்கிறது. ஆக எது போதும் எது போதாது என்று வீட்டைக் கேட்டால்தான் தெரியும்.

கேட்க எளிய வழி இருக்கிறது. குளிர் நன்றாகப் பிடித்த ஒரு வாரத்தில், இருக்கிற கேஸ் பாய்லரிலேயே ரேடியேட்டர் தண்ணீரை 50க்குக் குறைத்துவிட்டுப் பாருங்கள். காலையிலும் மாலையிலும் மட்டும் போட்டு அணைக்காமல் தொடர்ந்து ஓட விடுங்கள். வீடு 20 டிகிரியில் நிற்கிறதா, நிற்காத அறை எது என்று ஒரு தெர்மாமீட்டரோடு சுற்றி வந்தால் போதும். தொட்டி இல்லாமல், குழாயைத் திறந்தவுடன் வெந்நீர் தரும் காம்பி பாய்லர் என்றால் குளிக்கிற தண்ணீருக்குத் தனி அமைப்பு உண்டு, அதைத் தொட வேண்டாம். தொட்டியில் வெந்நீர் சேமிக்கும் வீடு என்றால் மட்டும் கவனம் வேண்டும்: சேமித்த தண்ணீர் நாள்கணக்கில் வெதுவெதுப்பாகவே கிடந்தால் லெஜியோனெல்லா என்ற நுரையீரல் நோய்க் கிருமி வளரும், அதனால் அதை 60க்குக் கொண்டுபோக வேண்டும்.

தங்கச்சி செய்தாள். அவளுடையது நூறு வருஷத்துக்கு முந்தைய செங்கல் வரிசை வீடு. ஒன்பது அங்குலச் சுவர், நடுவில் இடைவெளி கிடையாது. எனக்கே அவ்வளவாக நம்பிக்கை இல்லை. கூடம் நின்றது. முன் அறை நின்றது. சமையலறைக்கு மேலே, மூன்று பக்கமும் வெளிச்சுவராக இருக்கும் பின் அறை மட்டும் 16ஐத் தாண்டவில்லை. அங்கே இருந்தது துண்டு காயப்போடும் அளவுக்கு ஒரு சின்ன ரேடியேட்டர், அதையும் பீரோ மறைத்திருந்தது. குளியலறையும் கொஞ்சம் பின்தங்கியது. ஆக மாற்ற வேண்டியது இரண்டு. எல்லாம் அல்ல.

இந்தச் சோதனைக்கு நடுவில் அம்மா ஒரு தனிச் சோதனை. பேத்தியைப் பார்த்துக்கொள்ளப் போயிருந்தவர், அறையை விட்டு வெளியே வரும்போதெல்லாம் ரேடியேட்டர் வால்வை மூடிக்கொண்டே வந்தார். "ஆள் இல்லாத ரூமுக்கு எதுக்குடி சூடு?" ஃபேனை அணைத்துப் பழகிய கை அது. கேஸ் பாய்லருக்கு அந்தக் குணம் ஓரளவு சரி. அது கூப்பிட்டவுடன் பெரிய தீயோடு வந்து நிற்கும். ஹீட் பம்ப்புக்கு ஆகாது. அது மெதுவாக, விடாமல் ஓடும். பாதி அறைகளை மூடிவிட்டால் தண்ணீர் சுற்ற இடமில்லாமல், கம்ப்ரஸர் கொஞ்சம் ஓடும், நிற்கும், மறுபடி ஓடும். எந்தக் கம்ப்ரஸருக்கும் அதைவிடக் கேடு வேறு இல்லை. அம்மாவிடம் இதைச் சொல்லி ஒப்புக்கொள்ள வைப்பது என்னால் ஆகவில்லை. மாப்பிள்ளை பின் அறை வால்வின் தலையையே கழற்றி ஒளித்து வைத்துவிட்டார்.

அப்புறம் காசு. இதில்தான் பலர் வழுக்கி விழுகிறார்கள். அந்த நாட்டில் மின்சாரத்துக்கும் கேஸுக்கும் அரசின் ஒழுங்குமுறை அமைப்பு ஒரு விலை வரம்பு வைக்கிறது, மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாறும். 2025 அக்டோபர் வரம்பில் ஒரு யூனிட் மின்சாரம் 26 பென்ஸுக்குச் சற்று மேல், கேஸ் 6 பென்ஸுக்குச் சற்று மேல். கேஸையும் அங்கே யூனிட்டில்தான் அளக்கிறார்கள் என்பதால் ஒப்பிடுவது சுலபம்: மின்சாரம் நாலு மடங்கு விலை. இணைப்பு வைத்திருப்பதற்கே கேஸுக்குத் தினம் 34 பென்ஸ் தனி. வருஷத்துக்கு 12,000 யூனிட் கேஸ் எரிக்கும் வீடு என்று வைத்துக்கொண்டு மாப்பிள்ளையும் நானும் உட்கார்ந்தோம். கேஸுக்கு ஏறக்குறைய 755 பவுண்டு, இணைப்புக்கு 124, ஆக 880. பாய்லர் 88 சதவீதம் என்றால் வீட்டுக்குள் வந்த சூடு சுமார் 10,500 யூனிட். இதே சூட்டை ஹீட் பம்ப் 2.8 மடங்கில் கொடுத்தால் 3,750 யூனிட் கரண்ட், 985 பவுண்டைத் தாண்டும். மூன்றரை மடங்கில் கொடுத்தால் 790. நாலு மடங்கில் கொடுத்தால் 690.

2.8 என்ற எண்ணைச் சும்மா எடுக்கவில்லை. பிரிட்டனில் அரசுச் செலவில் 742 வீடுகளில் ஹீட் பம்ப் மாட்டி அளந்து பார்த்த திட்டம் ஒன்று உண்டு. நடுவாந்தர வீட்டில் கிடைத்தது அந்த அளவுதான். அதாவது அரைகுறையாகப் பொருத்தினால் கேஸைவிட நூறு பவுண்டு நஷ்டம், ஒழுங்காகப் பொருத்தினால் நூறோ இருநூறோ லாபம். கேஸ் அடுப்பையும் விட்டுவிட்டு இணைப்பையே வெட்டினால்தான் அந்த 124 மிச்சம். அடுப்புக்கு மட்டும் கேஸ் வைத்துக்கொள்வேன் என்றால் மூன்றரை மடங்கு கிடைத்தும் கையைக் கடிக்கும். தங்கச்சிக்கு இதுதான் பெரிய யோசனை. இண்டக்ஷன் அடுப்பில் தோசை வார்ப்பாளா, மாட்டாளா என்று ஒரு வாரம் பேச்சு ஓடியது. கடைசியில் பழைய தோசைக்கல் இண்டக்ஷனில் நன்றாகவே வேலை செய்கிறது என்று தெரிந்தது. இரும்புதானே.

மாட்டுகிற செலவு வேறு. ஹீட் பம்ப் முழு வேலைக்கு அங்கே பன்னிரண்டு, பதின்மூன்று ஆயிரம் பவுண்டு ஆவது சாதாரணம். இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2022இல் தொடங்கிய மானியத்தில் முதலில் 5,000 கொடுத்தார்கள், 2023 அக்டோபரில் அதை 7,500 ஆக்கினார்கள். எம்.சி.எஸ். என்ற தரச்சான்று பெற்ற ஆள் மாட்டினால்தான் கிடைக்கும். மானியம் போக வரும் கைச்செலவு, புது கேஸ் பாய்லர் செலவைவிட இன்னும் அதிகம்தான், ஆனால் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம் இல்லை.

என்னைக் கேட்டால் காசுக் கணக்குக்கு அப்பால் இன்னொரு கணக்கு உண்டு, அது எங்கள் மாவட்டத்திலேயே கண் முன்னால் இருக்கிறது. ராமநாதபுரத்துக்குப் பக்கத்தில் வழுதூரில் தமிழக மின்வாரியத்தின் கேஸ் மின்நிலையம் இருக்கிறது, 187 மெகாவாட். இந்த மண்ணுக்கடியிலிருந்து எடுக்கும் இயற்கை எரிவாயுதான் அதன் தீனி. டர்பைனில் எரித்து, வெளியேறும் சூட்டில் நீராவி கிளப்பி, இரண்டாவது முறையும் கரண்ட் எடுக்கும் வகை. இந்த வகையில் நூறு பங்கு கேஸிலிருந்து சுமார் ஐம்பது பங்கு கரண்ட் தேறும். கம்பியில் போனது போக நாற்பத்தைந்து என்று வையுங்கள். அதை மூன்று மடங்கு தரும் ஹீட் பம்ப்பில் கொடுத்தால் நூற்று முப்பத்தைந்து பங்கு சூடு. அதே நூறு பங்கு கேஸை வீட்டுப் பாய்லரில் நேராக எரித்தால் எண்பத்தெட்டு. கேஸை எரித்தே கரண்ட் எடுத்தால்கூட இப்படி. பிரிட்டனில் காற்றாலை மின்சாரம் நிறைய. கடைசி நிலக்கரி மின்நிலையத்தையும் 2024 செப்டம்பரில் மூடிவிட்டார்கள். அப்படியிருந்தும் கரண்டை நாலு மடங்கு விலைக்கு விற்றுக்கொண்டு, ஜனங்கள் ஏன் ஹீட் பம்ப்புக்கு மாறவில்லை என்று கேட்பது எந்த ஊர் நியாயம் என்று எனக்குப் புரியவில்லை.

விலை கேட்டு இரண்டு பேரை வரவழைத்தார்கள். ஒருவர் "எத்தனை பெட்ரூம்?" என்று மட்டும் கேட்டுவிட்டு 12 கிலோவாட் மெஷின் என்றார். இன்னொருவர் டேப்போடு வந்து, அறை அறையாக நீளம் அகலம், ஜன்னல், சுவரின் தடிமன், பரண், ஒவ்வொரு ரேடியேட்டரின் அளவு என்று பாதி நாள் எழுதிக்கொண்டு போய், 6 கிலோவாட் போதும் என்றார். எங்கள் தொழிலில் ஒரு டன் என்பது மூன்றரை கிலோவாட். ஒரு டன் ஐஸ் 24 மணி நேரத்தில் உருகும்போது இழுக்கும் சூடு. ஆக ஆறு கிலோவாட் என்றால் இரண்டு டன்கூட இல்லை. ராமேஸ்வரம் லாட்ஜில் ஒரு சின்ன ஹாலுக்கு மாட்டும் ஏ.சி. அளவு. அதில் ஒரு முழு வீடு சூடாகுமா என்று மாப்பிள்ளைக்குச் சந்தேகம், ஏனென்றால் பழைய பாய்லரின் மேல் 30 கிலோவாட் என்று எழுதியிருக்கிறது. அந்த முப்பது வீட்டுக்காக அல்ல. காம்பி பாய்லரில் தொட்டி கிடையாது, ஷவரைத் திறந்த நொடியில் ஓடுகிற தண்ணீரைச் சூடாக்க அவ்வளவு தீ வேண்டும். வீட்டுக்கு அதில் ஐந்தில் ஒரு பங்கு போதும். ஹீட் பம்ப்பால் அப்படி நொடியில் சூடாக்க முடியாது, அதனால் சுமார் 200 லிட்டர் பிடிக்கும் ஒரு வெந்நீர்த் தொட்டி கட்டாயம். மாடிப்படிக்குக் கீழே அரிசி மூட்டையும் செருப்பும் இருந்த இடம் தொட்டிக்குப் போய்விட்டது.

பன்னிரண்டு சொன்னவரை வேண்டாம் என்றேன். பெரிய மெஷின் நல்லதுதானே என்று தோன்றும். அளவுக்கு மீறிய கம்ப்ரஸர், இளம் குளிரில் இரண்டு நிமிஷம் ஓடி ஐந்து நிமிஷம் நிற்கும். கரண்டும் வீண், ஆயுளும் போச்சு. ஐஸ் கம்பெனியில் மீன்பிடித் தடைக்காலத்தில் பாதி டின்னை மட்டும் ஓட்டும்போது நான் பார்க்காத கூத்தா!

இன்னொரு விஷயம் அவர்களைக் கொஞ்சம் மிரட்டியது: புது மெஷினுக்குள் இருக்கும் கேஸ், ஆர்-290. அதாவது புரொப்பேன். நம் அடுப்பு சிலிண்டரில் பியூட்டேனோடு கலந்து வருவதும் அதுவேதான். எரிக்கிற கேஸை விட்டுவிட்டு அதே கேஸையா மறுபடி வாங்குகிறோம் என்றாள் தங்கச்சி. இங்கே அது எரிவதில்லை, மூடிய குழாய்க்குள் சுற்றிக்கொண்டே இருக்கிறது; அளவும் ஒரு கிலோவுக்கு முன்பின். வெளியே கசிந்தாலும் பூமியைச் சூடாக்கும் வேலையில் மிகச் சின்ன ஆள். நம் ஏ.சி.களில் இருக்கும் ஆர்-410ஏ ஒரு கிலோ கசிந்தால் இரண்டு டன்னுக்கு மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம், ஆர்-32 என்றால் சுமார் 675 கிலோ. புரொப்பேன் அந்தக் கணக்கில் ஒற்றை இலக்கம். பற்றக்கூடிய கேஸ் என்பதால் அந்த யூனிட்டை வெளியே, ஜன்னலுக்கும் வடிகாலுக்கும் தள்ளி வைக்க வேண்டும், அவ்வளவுதான். குளிர்காலத்தில் ஈரக் காற்று பட்டுக் காயிலில் பனி கட்டும். கொஞ்ச நேரத்துக்கு மெஷின் தன்னைத் திருப்பி ஓட்டி உருக்கிக்கொள்ளும். புகை மாதிரி ஆவி கிளம்பும். தீ என்று நினைத்துப் பக்கத்து வீட்டுக்காரர் போன் பண்ணினால் பதில் தயாராக வைத்துக்கொள் என்று சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் ஹீட் பம்ப்தான், கேஸ் இணைப்பை வெட்டிவிடுவது என்று முடிவாயிற்று. முதலில் இரண்டு ரேடியேட்டரை மாற்றிக்கொண்டு, இந்தக் குளிர்காலத்தைப் பழைய பாய்லரை 50இல் ஓட்டியே தள்ளிவிட்டு, குளிர் விட்டதும் வேலையைத் தொடங்குவதாக ஏற்பாடு. ஜனவரியில் திடீரென்று பாய்லர் செத்திருந்தால் நானே, "மறுபேச்சு வேண்டாம், கேஸ் பாய்லரை மாட்டு" என்றுதான் சொல்லியிருப்பேன். கைக்குழந்தை இருக்கும் வீட்டில், அளவெடுத்து, மானியம் வந்து, தொட்டி வந்து சேரும்வரை குளிரில் காத்திருக்க முடியாது. சாகப் போகிற பாய்லர் சாவதற்கு முன்னால் யோசிப்பவருக்குத்தான் இதில் தேர்வு என்ற ஒன்று இருக்கிறது.

இதையெல்லாம் டீக்கடையில் சொல்லிக்கொண்டிருந்தபோது ராமேஸ்வரத்தில் லாட்ஜ் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் காதில் விழுந்தது. "எனக்கும் அதேதானப்பா பிரச்சினை" என்றார். யோசித்தால் அதேதான். அதிகாலையில் அக்னி தீர்த்தத்தில் மூழ்கி, இருபத்திரண்டு தீர்த்தமும் ஆடி, ஈரத் துணியோடு திரும்பும் யாத்திரிகர்களுக்கு அறையில் வெந்நீர் வேண்டும். வடக்கேயிருந்து வருபவர்கள் மே மாதத்திலும் கேட்பார்கள். அவர் அறைக்கு அறை கரண்ட் கீசர் வைத்திருந்தார்; ஐந்து மணிக்கு எல்லோரும் ஒரே சமயத்தில் போட்டால் மெயின் விழுந்துவிடும். அதற்குப் பதில் வர்த்தக சிலிண்டரில் ஓடும் கேஸ் கீசர் போடலாமா என்ற யோசனையில் இருந்தார். குளியலறைக்குள் கேஸ் கீசர் மட்டும் வேண்டவே வேண்டாம் என்றேன். கதவைச் சாத்திக்கொண்டு குளிக்கிற சின்ன அறை, உள்ளே எரிகிற தீ, வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு. குளிக்கப் போனவர் திரும்பி வராத செய்திகளை எல்லோரும் படித்திருக்கிறோம்.

மாடியில் பொதுவாக ஒரு ஹீட் பம்ப் என்றால் கணக்கு இப்படி. ஆயிரம் லிட்டரை 28 டிகிரியிலிருந்து 50க்கு ஏற்ற 26 யூனிட் சூடு வேண்டும். கீசரில் அது 26 யூனிட் கரண்டே. சிலிண்டரில் என்றால் வீணாவதும் சேர்த்து இரண்டரை கிலோ. எங்கள் ஊர்க் காற்று 30 டிகிரி, ஏற்றம் வெறும் இருபது, ஆகவே நாலு மடங்குக்குப் பக்கத்தில் வரும்: ஏழு யூனிட்டில் வேலை முடியும். யூனிட் பத்து ரூபாய், கேஸ் கிலோ தொண்ணூற்றைந்து என்று வைத்தால் கீசருக்கு 260, கேஸுக்கு 240, ஹீட் பம்ப்புக்கு 70. லீட்ஸில் மூச்சு முட்டும் மெஷின் இங்கே வந்தால் துள்ளிக் குதிக்கும். சோலார் மலிவுதானே என்றால், மலிவுதான். ஆனால் வெந்நீருக்கு அடிதடி நடக்கும் கார்த்திகை, மார்கழியில்தான் வடகிழக்குப் பருவமழை மேகம் மூடிக்கொண்டு நிற்கும்.

எங்கள் ஊர்ச் சிக்கல் வேறு: உப்பு. மண்டபத்தில் காரைக்குடி மின்வேதியியல் ஆய்வு மையம், உலோகத் தகடுகளைக் கடல் காற்றில் வைத்து எவ்வளவு வேகமாக அரிக்கிறது என்று பார்ப்பதற்கென்றே ஒரு நிலையம் வைத்திருக்கிறது. அந்த வேலைக்கு இதைவிட நல்ல இடம் கிடைக்காது. செம்புக் குழாயில் மாட்டிய அலுமினியத் தகடு, பூச்சு இல்லாவிட்டால், கடலைப் பார்த்து நிற்கும் மாடியில் இரண்டு மழைக்குள் வெள்ளை மாவாகக் கொட்டும். கையை வைத்தால் ஒட்டிக்கொண்டு வரும். அதனால் மூன்று சொன்னேன். பூச்சுக் கொடுத்த காயில். கடலுக்கு முதுகு காட்டி, மாடிப்படி அறையின் மறைவில் யூனிட். வாரம் ஒருமுறை நல்ல தண்ணீரால் கழுவ ஒரு பையன். போர் தண்ணீரின் உப்பு, சூடு ஏற ஏறத்தான் குழாயில் படியும், அதனால் தண்ணீரை 50இலேயே நிறுத்திவிட்டு வாரம் ஒரு ராத்திரி மட்டும் 60க்கு ஏற்று. இங்கேயும் அதே கேள்விதான், எத்தனை டிகிரி.

மாட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. நண்பருக்கு இப்போது வேறு ஆசை வந்துவிட்டது. சூட்டை எடுத்துவிட்டு யூனிட் துப்பும் காற்று குளுகுளுவென்று இருக்கிறதாம். அதற்கு நேரே நாற்காலி போட்டு உட்கார்ந்துகொள்கிறார். அதைத் தகரக் குழாய் வைத்துக் கீழே ரிசப்ஷனுக்கு இறக்கித் தரச் சொல்கிறார். உள்ளே இருக்கும் ஃபேன் மூன்று மாடி தூரம் தள்ளாது, தனி ஃபேன் வேண்டும், மறைவில் இருக்கும் யூனிட்டுக்குக் காற்றோட்டமும் கெடக்கூடாது. வேண்டுமானால் ஒரு மாடி கீழே இருக்கும், துணி துவைத்து இஸ்திரி போடுகிற அறைக்கு இறக்கலாம், அங்கேதான் பெண்கள் வெந்துகொண்டிருக்கிறார்கள் என்று சொல்லியிருக்கிறேன். ரிசப்ஷனில்தான் வேண்டுமாம். இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம்.